ஈரற்கொழுப்பும் காந்தப் பரிவுப் படமும்

ஒருவருடைய ஈரல் பழுதுற்றதென்னும் செய்தி நம்மூரிற் பரவுமாயின், அதனைத் தொடர்ந்து எழும் முதல் வினா, "அவர் குடிப்பவரோ?" என்பதேயாகும். மதுவினால் ஈரல் கெடுமென்பது மெய். அதனை எவரும் மறுத்தல் இயலாது. ஆயின், ஈரல் கெட்டோர் யாவரும் மது அருந்தினோரே என்று கொள்ளுதல் தருக்கநூல் கற்ற மாணவன் எளிதிற் சுட்டிக்காட்டக்கூடிய பிழையாகும். அப்பிழையினால் ஒரு துளி மதுவையும் தீண்டியறியாதோர் பலர் தலைகுனிந்து நிற்க நேர்கின்றது.

இக்கட்டுரையை எழுதுவதற்கு ஏதுவாயிருந்தவர் என் தாய்மாமனார். ஐம்பத்தெட்டு வயதினர், வெள்ளி தோறும் விரதமிருப்பவர், சாராயக் கடை வாயிலை மிதித்தறியாதவர். வயிற்றில் இடையறாத உப்புசமென்று வைத்தியரிடஞ் சென்றபோது, ஒலியலைப் படம், அதாவது மக்கள் வழக்கிற் கூறும் ஸ்கான், எடுக்கப்பட்டது. ஈரலின் ஓரிடத்தில் நாணய அளவினதாய் வெண்மையான திட்டொன்று அதில் தோன்றிற்று. "கொழுப்பாகவும் இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம், காந்தப் படமொன்று எடுத்தாற் தெளிவாகும்" என்றார் வைத்தியர். அப்படம் எடுக்கப்படும் நாள் வரை மூன்று கிழமை எங்கள் வீட்டில் எவரும் உரக்கச் சிரித்திலர். மாமனாரோ நோயினும் மேலாக ஊராரின் அவ்வினாவையே அஞ்சினார். வைத்தியன் அல்லாத, கலைப் பட்டதாரியான யான், அம்மூன்று கிழமையிலும் அதன் பின்னரும் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே இங்கு மாணவர் பொருட்டுத் தொகுத்துரைக்கின்றேன்.

ஈரலிற் கொழுப்புச் சேருமாறு

ஈரல் நம் உடலின் உள்ளுறுப்புக்களுட் பெரியது. வளர்ந்த ஒருவரில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் நிறையுடையது. குடல் உறிஞ்சிய உணவுச் சத்துக்களுட் பெரும்பகுதியைச் சுமந்துவரும் குருதி முதலில் ஈரலையே அடைகின்றது. உடலின் தேவைக்கு மிஞ்சிய மாவும் சீனியும் அங்குக் கொழுப்பாக மாற்றப்படுகின்றன. வந்து சேரும் கொழுப்பும் ஆங்கே உண்டாகும் கொழுப்பும், செலவாகும் கொழுப்பினும் மிகும்போது, எஞ்சியது ஈரற் கலங்களினுள் சிறு துளிகளாகத் தங்குகின்றது. ஈரற் கலங்களுள் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்பட்டவற்றில் இத்துளிகள் காணப்படுமாயின், அதனைக் கொழுப்பேறிய ஈரல் என்பர்.

மது இதற்கு ஒரு காரணம் மாத்திரமே. மிகையுணவு, உடலுழைப்பின்மை, நீரிழிவு, வயிற்றைச் சுற்றிச் சேரும் பருமன் என்பனவும் காரணங்களாம். "மது சாராத கொழுப்பீரல்" என முன்னர் வழங்கிய பெயரும் போதாதெனக் கருதிய வைத்திய அறிஞர், 2023 ஆம் ஆண்டில், உடலின் வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு தொடர்புடைய கொழுப்பீரல் நோய் என்னும் பொருள்படப் புதுப்பெயர் இட்டனர். நோயாளியின் மேற் பழி சுமத்தாத பெயர் வேண்டுமென்பதும் அவர்தம் நோக்கங்களுள் ஒன்று.

இந்நோய் செல்வ நாடுகளுக்கே உரியதென்று நாம் வாளாவிருத்தல் இயலாது. களனிப் பல்கலைக்கழகத்தார் இராகமைப் பகுதியில் 2007 ஆம் ஆண்டில் 35 முதல் 64 வயதுக்குட்பட்டோரை ஒலியலைப் படங்கொண்டு ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூவருள் ஒருவருக்கு மது சாராத கொழுப்பீரல் இருக்கக் கண்டனர். 2009 ஆம் ஆண்டில் வெளியான சென்னை நகர ஆய்வொன்றும் நூற்றுக்கு 32 என்றே கூறிற்று. நுவரெலியா மாவட்டத்துத் தோட்டங்களில் உழைத்து வாழும் தமிழ் மக்களிடையே நிகழ்த்தப்பெற்று 2011 இல் வெளியான ஆய்விலும் நூற்றுக்குப் பதினெண்மருக்கு இது காணப்பட்டது. வறுமையும் உடலுழைப்பும் உடையோர்க்கும் இந்நோய் உண்டெனில், அது எவர் வீட்டுக்கும் வரக்கூடிய விருந்தாளி என்பது தெளிவு.

அணுக்கருவும் காந்தமும்

இனி, காந்தங்கொண்டு கொழுப்பை அறியுமாறு எங்ஙனம் என நோக்குவாம். நம் உடலிற் பெரும்பகுதி நீரும் கொழுப்பும் ஆகும். இவ்விரண்டிலும் ஐதரசன் அணுக்கள் நிறைந்துள்ளன. ஐதரசன் அணுவின் கரு ஒரே புரோத்தனாலானது. அது நுண்ணிய காந்தவூசி போன்றும், சுழலும் பம்பரம் போன்றும் இயல்புடையது. வலிய காந்தப் புலமொன்றில் வைக்கப்பட்டபோது, சாய்ந்து சுழலும் பம்பரத்தின் தலை வட்டமிடுதல் போல அப்புரோத்தன்களும் வட்டமிடுகின்றன. எத்துணை விரைவில் என்பது புலத்தின் வலிமையைப் பொறுத்தது. வைத்தியசாலைகளிற் பெரும்பான்மையாகவுள்ள பொறிகளின் புலம் 1.5 தெசுலா ஆகும். இது திசையறி கருவியின் ஊசியைத் திருப்பும் புவிக்காந்தப் புலத்தினும் முப்பதினாயிரம் மடங்குக்கு மேல் வலியது. அப்புலத்திலே புரோத்தன்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 இலட்சம் முறை வட்டமிடும்.

அதே மீடிறனுடைய வானொலி அலையொன்றை உடலினுட் செலுத்தினால், புரோத்தன்கள் அதன் சத்தியை ஏற்றுக் கிளர்கின்றன. அலை நின்றபின் தாமும் அதே மீடிறனில் மெல்லிய அலைகளை வெளியிடுகின்றன. ஒத்த மீடிறனுக்கே இசைந்து கொடுக்கும் இவ்வியல்பு பரிவு எனப்படும். பரிவு நமக்குப் புதியதன்று. ஒரே சுருதியிற் கூட்டிய இரு நரம்புகளுள் ஒன்றை மீட்டின், மீட்டாத மற்றையதும் அதிர்வதை இசை பயில்வோர் அறிவர். யாழின் நரம்புகளையும் சுருதிகளையும் கணித முறையால் ஆராய்ந்து 1947 ஆம் ஆண்டில் யாழ் நூலை வெளியிட்ட சுவாமி விபுலாநந்தர், இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியுமாவார். அப்பெரியார் உறையும் கல்லடி மண்ணில் வாழும் நம் மாணவர், பரிவு என்னுஞ் சொல்லைக் கண்டு மருளுதல் தகாது.

திரவங்களிலும் திண்மங்களிலும் அணுக்கருக்களின் பரிவை 1946 இல் அமெரிக்காவில் பிளொக், பேர்செல் என்னும் இருவரும் தனித்தனியே அறிவித்தனர். 1952 இல் நோபல் பரிசு பெற்றனர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஜி. சூர்யன் என்பார், ஓடும் திரவத்தில் இப்பரிவு எங்ஙனம் மாறுபடுமென்பதை 1951 ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதினார். இவ்வலைகளைக்கொண்டு படம் வரையலாமென 1973 இல் லோட்டர்பர் காட்டினார். அவர் முதன்முதல் வரைந்த படம், நீர் நிறைந்த இரு சிறு கண்ணாடிக் குழாய்களின் படமேயாகும். அக்கட்டுரையைச் சஞ்சிகையார் முதலில் ஏற்க மறுத்தனர் என்பதும், அதே பணிக்காக 2003 இல் அவரும் மான்ஸ்பீல்ட் என்பாரும் நோபல் பரிசு பெற்றனர் என்பதும் ஊக்கமிழந்த மாணவர் நினைவில் வைக்கத்தக்கவை.

இவ்வலைகள் மிக மெல்லியன. பத்து இலட்சம் புரோத்தன்களுள் நமக்குக் கேட்கும்படியாக எஞ்சி நிற்பவை ஏறத்தாழ ஐந்துதான். மற்றையவை ஒன்றையொன்று எதிர்த்து அடங்கிவிடும். நிலாக்காலத்தில் கல்லடிப் பாலத்தினருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துப் பாடும் மீனின் ஒலியைக் கேட்போரை நாம் அறிவோம். பொறியும் அங்ஙனமே மற்றொலிகளை விலக்கி உடலின் மெல்லொலியைக் கேட்கின்றது.

கொழுப்பும் நீரும் வேறுபடுமாறு

நீரில் ஐதரசன் ஒட்சிசனோடு பிணைந்துள்ளது. கொழுப்பிற் பெரும்பாலும் காபனோடு பிணைந்துள்ளது. ஒட்சிசன் இலத்திரன்களைத் தன்பால் ஈர்க்கும் இயல்பினது. ஆதலின் நீரின் புரோத்தன் இலத்திரன் போர்வை மெலிந்து நிற்கின்றது. கொழுப்பின் புரோத்தனோ தடித்த போர்வையினுள் இருத்தலால், வெளிப்புலத்தைச் சற்றே குறைவாக உணர்கின்றது. எனவே அது சற்று மெதுவாக வட்டமிடும். வேறுபாடு பத்து இலட்சத்துக்கு மூன்றரையளவே, எனினும் 1.5 தெசுலாவில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 220 சுற்றாகின்றது.

கோயில் வீதியை வலம்வரும் அடியார் இருவரை எண்ணுக. இருவரும் கோபுர வாயிலில் ஒருங்கே புறப்படுகின்றனர். ஒருவர் விரைந்தும் மற்றவர் சற்று மெதுவாகவும் செல்கின்றனர். சிலபொழுதில் ஒருவர் கீழைவீதியில் நிற்க மற்றவர் மேலைவீதியில் நிற்பர். பின்னர் முந்தியவர் ஒரு முழுச்சுற்று மேலதிகமாகச் சென்று மற்றவரோடு மீண்டும் ஒன்றுகூடுவர். நீரும் கொழுப்பும் இவ்வாறே. செக்கனை ஆயிரங் கூறிட்டால், 2.3 கூறு கழிந்தவிடத்து அவை எதிரெதிர் நிற்கும், 4.6 கூறு கழிந்தவிடத்து ஒன்றுசேரும். எதிர்நிற்கும்போது எடுக்கும் படத்தில் ஒன்றன் அலை மற்றையதன் அலையைக் கழிக்கும். ஒன்றுசேரும்போது எடுக்கும் படத்தில் இரண்டும் கூடும். இவ்வுத்தியை 1984 இல் வெளியிட்டவர் டிக்சன் என்பார்.

கணக்கொன்று இதனை விளக்கும். ஈரலின் ஒரு சிறு கூற்றில் நீரின் அலை 80, கொழுப்பின் அலை 20 எனக் கொள்வோம். ஒன்றுசேர்ந்த படத்தில் அக்கூற்றின் ஒளி 100. எதிர்நிலைப் படத்தில் 60. இரண்டுக்குமுள்ள வேறுபாடு 40. அதன் பாதி 20. எனவே கொழுப்பின் பங்கு நூற்றுக்கு 20. கொழுப்பில்லாத கூற்றில் இரு படமும் ஒரே ஒளியினவாம். அங்ஙனமாயின், எதிர்நிலைப் படத்தில் ஈரல் மங்குதலே கொழுப்புக்குச் சான்று.

கூர்ந்த மாணவன் ஒருவன், "கொழுப்பு 80, நீர் 20 ஆயினும் இதே விடைதானே வரும்?" என வினவுவான். வினா நன்று. இரு படங்களை மாத்திரங் கொண்டு ஒளியை மட்டும் அளப்பின் இவ்வையம் நீங்காது. ஆதலின் இக்காலத்தார் ஒரே மூச்சடக்கலில் ஆறு வெவ்வேறு நேரங்களிற் படமெடுத்து, கொழுப்பின் பங்கைக் கணக்கிட்டு, ஈரல் முழுவதற்கும் ஓர் அளவுப் படம் வரைகின்றனர்.

ஆறு படங்கள் வேண்டப்படுதற்கு இரும்பும் ஒரு காரணமாகும். ஈரலில் இரும்பு மிகுந்தால் அலைகள் விரைந்து தேயும். அதனாற் பிந்தி எடுக்கும் ஒன்றுசேர்ந்த படமே கூடுதலாக மங்கும். இது கொழுப்பின் குறிக்கு நேர்மாறானது. இரண்டும் ஒருங்கே உளவாயின் ஒன்றையொன்று மறைத்துவிடும். நம் நாட்டிற் தலசீமியா நோயாற் பலமுறை குருதி ஏற்றப்பெறுவோரின் ஈரலில் இரும்பு படிதலை நோக்கின், இவ்வெச்சரிக்கையின் பெறுமதி புலனாகும்.

திட்டு எதனாலாயது?

கொழுப்பு ஈரல் முழுவதும் ஒரேயளவாகச் சேரும் என்னும் நியதியில்லை. சிலரில் ஓரிடத்தில் மாத்திரம் திட்டாகச் சேரும். வேறு சிலரில் ஈரல் முழுவதும் கொழுப்பேற, ஓரிடம் மாத்திரம் தப்பிநிற்கும். பித்தப்பையின் அயலிலும், ஈரலின் வல இட மடல்களைப் பிரிக்கும் இணையத்தின் அயலிலும் இவை பெரும்பாலும் காணப்படும். அவ்விடங்களுக்குக் குடலிலிருந்து வரும் பெருநாளத்துக் குருதியன்றி, வேறு சிறு நாளங்களின் குருதியும் வந்து சேர்தலே அதற்குக் காரணமென்பர். ஒலியலைப் படத்திற் கொழுப்புத் திட்டு வெண்கட்டி போன்றும், தப்பிய இடம் கருங்கட்டி போன்றும் தோன்றும். புற்றுநோயோ என ஐயுறுவது இதனாலேயே.

காந்தப் படம் இவ்வையத்தை மூன்று வினாக்களால் ஆராய்கின்றது. எதிர்நிலைப் படத்தில் திட்டு மங்குகின்றதா? மங்கின் அதிற் கொழுப்புண்டு. அதனூடே செல்லும் குருதிக் குழாய்கள் தம் வழியே நேராகச் செல்கின்றனவா, அன்றித் தள்ளுண்டு வளைகின்றனவா? கட்டி அயலைத் தள்ளும், கொழுப்புத் தள்ளாது. கடோலினியம் என்னும் மூலகங்கொண்ட மருந்தை நாளத்திற் செலுத்தியபோது, திட்டு அயலிலுள்ள ஈரலைப் போலவே ஒளிர்கின்றதா, அன்றித் தனித்து ஒளிர்கின்றதா? தனித்து ஒளிர்வது கவலைக்குரியது.

முதல் வினா ஒன்றை மாத்திரங் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. ஈரற் புற்றுநோய்க் கட்டிகளுட் சிலவும், தீங்கற்ற கட்டிகளுட் சிலவும் தம்முட் கொழுப்பை உடையன. அவையும் எதிர்நிலைப் படத்தில் மங்கும். எனவே கொழுப்புண்டு என்பதனாற் கட்டியில்லை என்று துணிதல், ஈரல் கெட்டதனாற் குடித்தான் என்று துணிதலை ஒத்த பிழையாகும். மூன்று வினாவின் விடையும் நோயாளியின் வரலாறும் ஒருங்கே இயைந்தாலன்றி அறிஞர் முடிவு கூறார். ஐயம் நீங்காதவிடத்து ஊசியால் ஈரற் துணுக்கெடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்குவர்.

துணுக்கெடுத்தலிலும் குறையுண்டு. ஊசியில் வருவது ஈரலின் ஏறத்தாழ ஐம்பதினாயிரத்திலொரு பங்கே. ஒரு பிடி நெல்லைக் கொண்டு வயல் முழுவதையும் மதிப்பது போன்றது அது. காந்தப் படமோ ஊசியின்றி முழு ஈரலையும் அளக்கின்றது. ஆயினும் கலங்கள் அழற்சியுற்றனவா என்பதை நுணுக்குக்காட்டியே செவ்வனே கூறும்.

கொழுப்பினும் அஞ்சத்தக்கது ஈரலிற் தழும்பு விழுந்து அது விறைத்தலாகும். அதனையும் இப்பொறியால் அறியலாம். வலப்பக்க விலாவின் மேல் சிறு தட்டொன்றை வைத்துச் செக்கனுக்கு 60 முறை அதிரச் செய்வர். அவ்வதிர்வு, வாவியிற் கல்லெறிந்தவிடத்துத் தோன்றும் திரைகளைப் போன்று ஈரலினூடே பரவும். மெல்லிய ஈரலில் திரைகள் நெருங்கியும், விறைத்த ஈரலில் அகன்றும் இருக்கும். இம்முறையை 1995 இல் அமெரிக்காவின் மாயோ வைத்திய நிலையத்தார் வெளியிட்டனர். அக்கட்டுரையின் முதலாசிரியர் பெயர் முத்துப்பிள்ளை என்பதைக் கண்டபோது யான் எய்திய மகிழ்ச்சியை மறைத்தற்கில்லை.

அறிந்திருக்க வேண்டுவன

இப்பரிசோதனையில் எக்ஸ் கதிர் இல்லை. முற்காலத்தில் இதன் பெயரில் அணுக்கரு என்னும் சொல் இருந்தது. அணுகுண்டை நினைந்து மக்கள் அஞ்சியமையால் அச்சொல் கைவிடப்பட்டது. எனினும் காந்தத்தின் வலிமையை எளிதாக எண்ணலாகாது. இதயத்துடிப்பைச் சீர்செய்யும் கருவி பொருத்தப்பெற்றோர் அதனை முன்னரே தெரிவித்தல் வேண்டும். நம் மாவட்டத்தாருக்குச் சிறப்பாகக் கூறவேண்டியது ஒன்றுண்டு. 2009 இல் முடிவுற்ற போரில் காயமுற்று, குண்டுச் சிதறல் இன்றும் உடலில் தங்கியிருக்க வாழ்வோர் நம்மிடையே பலர். இரும்புத் துண்டைக் காந்தம் அசைக்கும். கண், மூளை, பெருங்குழாய் என்பவற்றினருகே அத்துண்டிருப்பின் பெருந்தீங்கு விளையும். "பழைய கதையைக் கூறுவானேன்" என்று நாணியோ அஞ்சியோ மறைத்தல் ஆகாது. எக்ஸ் கதிர்ப் படமெடுத்துத் துண்டின் இடத்தை அறிந்த பின்னரே வைத்தியர் முடிவு செய்வர். சிறுநீரக நோயுடையோரும் கடோலினிய மருந்துக்கு முன் அதனைக் கூறுதல் கடன். தாயத்து, அரைஞாண், காதணி முதலியவற்றைக் கழற்றிவிடல் வேண்டும். பொறி பேரொலி செய்யும். குகை போன்ற குழாயினுட் படுத்து, சொல்லும்போது இருபது செக்கனளவு மூச்சடக்கல் வேண்டும்.

ஈரலிற் கொழுப்புண்டோ என்றறிதற்கு எல்லோரும் காந்தப் படத்தை நாடவேண்டுமென்பது என் கருத்தன்று. செலவு பெரிது. முதலில் ஒலியலைப் படமே போதும். குருதிச் சோதனையும் துணைசெய்யும். ஐயந் தெளியாத திட்டுக்கும், திட்டமான அளவு வேண்டப்படும் இடத்துக்குமே காந்தப் படம் உரியது.

என் மாமனாரின் திட்டு எதிர்நிலைப் படத்தில் மங்கிற்று. குருதிக் குழாய்கள் அதனூடே நேராகச் சென்றன. மருந்து செலுத்தியபோதும் அது தனித்து ஒளிரவில்லை. அது கொழுப்பே என்று வைத்தியர் கூறினார். ஆயின் ஈரலின் பிற பகுதியிலும் நூற்றுக்குப் பதினான்கு கொழுப்புண்டென அதே படம் காட்டிற்று. புற்றுநோய் அன்று என்பதற்காக மகிழ்ந்தவர், இதற்காகத் தம் வாழ்க்கையை மாற்றவேண்டியவரானார். உடல் நிறையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே ஈரற்கொழுப்புக் குறையத் தொடங்கும். ஏழு முதற் பத்து வரை குறையின் அழற்சியும் தணியும் என்பர். 2024 இல் அமெரிக்காவில் இந்நோய்க்கென முதல் மருந்து அங்கீகரிக்கப்பட்டதாயினும், உணவளவும் உடலுழைப்புமே இன்றும் முதன் மருந்து. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதியை உண்ணும் அளவுக்கே ஒதுக்கியமை ஈண்டு நினைக்கத்தக்கது.

மாமனார் இப்பொழுது தேநீரிற் சீனியை விட்டார். இரவுச் சோற்றைப் பாதியாக்கினார். விடியற்காலையிற் கல்லடிப் பாலத்தைக் கடந்து நடந்து வருகின்றார். வழியில் எதிர்ப்படுவோர், "ஈரலிற் கொழுப்பாமே, குடியோ?" என்று வினவினால், நின்று இக்கட்டுரையிற் கூறியவற்றைத் தமக்கியன்ற வகையில் எடுத்துரைக்கின்றார். அணுக்கருவின் மெல்லொலியைக் கேட்கத் தெரிந்த இக்காலத்திலே, அயலானின் நோயைக் கேட்டறியுமுன் அவன் ஒழுக்கத்தை ஐயுறும் வழக்கம் நம்மிடையே நீங்குவதாக. நம் மாணவர் வைத்தியராயினும் ஆகாவிடினும், இதனைச் செய்தல் அவர்க்கு இயலும்.